உள்ளே இன்னும் காயவில்லை

போன மாதம் பன்னிரண்டு நாள் என் மகனிடமிருந்து போன் வரவில்லை. அவன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். கொஞ்சம் சிக்கலான கடல்வழியில் போகிறோம், ஒரு வாரம் பேச முடியாமல் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தான். ஒரு வாரம் கடந்தது. எட்டாம் நாளும் போன் இல்லை. ஒன்பதாம் நாள் காலையில் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்த போனைப் பார்த்தபடியே நின்றேன். குளியலறையிலிருந்து கணவர் யாரென்று கேட்டார். கையில் மாவு, எடுக்க முடியவில்லை என்றேன். கையில் மாவு இல்லை.

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் வீட்டு அடையாளம் கேட்டுத்தான் அழைத்தார் என்று பிறகு தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் மகனும் பேசிவிட்டான். "சொல்லிட்டுத்தானேம்மா போனேன்" என்று சிரித்தான். அவனுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. நான் இன்னும் போனை இடுப்பில் செருகிக்கொண்டுதான் சோறு வடிக்கிறேன். அந்த நாட்களில் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதிகம் நினைத்தது ஒரு பொம்மைப் படகை, ஒரு சின்ன வள்ளத்தை என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் வீடு கடியப்பட்டணத்தில், கடலின் இரைச்சல் ஓயாமல் கேட்கும் ஒரு சந்தில் இருந்தது. அப்பா வளைகுடா நாட்டில் ஓர் அரபியின் படகில் மீன்பிடிக்கப் போயிருந்தார். அப்பாவையும் சேர்த்து எங்கள் ஊரிலிருந்து மூன்று பேர் அந்தப் படகில் இருந்தார்கள். எதிர்வீட்டு அக்காவின் மாப்பிள்ளை அவர்களில் ஒருவர். கல்யாணமாகி நாற்பதாம் நாள் விமானம் ஏறியவர்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் அப்பா ஒரு முருக்கு மரத் தடியைக் குடைந்து, ஒன்றரை முழ நீளத்தில் எனக்கொரு வள்ளம் செய்தார். விளையாட்டுச் சாமான்தான், ஆனால் அப்பா அதை விளையாட்டாகச் செய்யவில்லை. மூக்கு நிமிர்ந்து, வயிறு அகன்று, நடுவில் இரண்டு குறுக்குப் பலகையுடன் கரையில் கிடக்கும் எந்த வள்ளத்துக்கும் குறையாமல் இருந்தது. வெளியே நீலப் பெயின்ட் அடித்து மூக்கின் இரு பக்கமும் வெள்ளைச் சிலுவை போட்டார். உள்ளே பூசுவதற்குள் போகும் நாள் வந்துவிட்டது.

"முருக்கு வெள்ளம் குடிக்கும் மக்கா," என்றார். எங்கள் ஊரில் தண்ணீரை வெள்ளம் என்போம். "வெளிய பெயின்டு இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல. ஒரு அலை உள்ள தெறிச்சா மரம் உப்பிப் பொளந்துரும். நான் வந்து பூசித் தாறேன். அதுவர வெள்ளத்துல வுட்டுராத, கேட்டியா?"

கேட்டேன். வள்ளம் அலமாரியின் தலையில், இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, ஏழெட்டு மாதம் உலர்ந்தே கிடந்தது. மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். அதில் எனக்கென்று ஒதுக்கிய கடைசி இரண்டு வரியில் வள்ளம் சுகமா என்று அப்பா கேட்டிருப்பார். ஓணம் கழிந்த பிறகு கடிதம் வரவில்லை. தபால்காரருக்குச் சுகமில்லை என்று அம்மா சொன்னாள். சுகமில்லாத தபால்காரர் தினமும் சைக்கிளில் எங்கள் சந்தைத் தாண்டிப் போவதை நான் பார்த்தேன். சுகமில்லாமல் இருக்கும்போதும் மனிதர் எவ்வளவு உழைக்கிறார் என்று அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அரபியின் படகு வேறொரு நாட்டின் கடலெல்லைக்குள் போய்விட்டதும், அதில் இருந்தவர்கள் பிடிபட்டார்களா, கடலிலேயே போய்விட்டார்களா என்று நான்கு மாதம் ஒருவருக்கும் தெரியாமல் இருந்ததும் நான் கல்லூரிக்குப் போன பிறகு காதில் விழுந்த செய்திகள். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அம்மாவும் எதிர்வீட்டு அக்காவும் கோயிலுக்கு உடுத்தும் சேலையை வேலைநாளில் உடுத்திக்கொண்டு, அப்பாவின் போட்டோவை எடுத்துக்கொண்டு, நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினார்கள். எதற்கு என்று கேட்டேன். ரேஷன் கார்டுக்கு என்றார்கள்.

அப்பா வரும்போது வள்ளம் தயாராக இருக்க வேண்டும், உள்ளே பூசித் தா என்று நான் பிடிவாதம் பிடிக்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான். அம்மா மறுக்கவில்லை. அவள் அண்டியாபீசில் வேலை பார்த்தாள். கொல்லாங்கொட்டை என்கிற முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். வறுக்கும்போது கொட்டையின் ஓட்டிலிருந்து கறுப்பாக ஓர் எண்ணெய் வடியும். தோலில் பட்டால் வெந்துவிடும். மரத்தில் பட்டால் ஊறி இறுகித் தண்ணீரை உள்ளே விடாது. கரையில் பெரிய வள்ளங்களுக்கும் அதைத்தான் பூசினார்கள். அம்மா ஒரு மருந்துக் குப்பி நிறைய அதைக் கேட்டு வாங்கிவந்தாள்.

வள்ளத்தின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்க்கும் வேலை எனக்கு. தூசியைத் தட்டி, துணியால் துடைத்து, வெயிலில் வைத்தோம். முதல் பூச்சுக்கு அம்மா எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து நீர்க்கச் செய்தாள். கட்டியாக இருந்தால் மேலேயே நின்றுவிடும், மரத்துக்குள் இறங்காது. கோழியிறகால் தொட்டுப் பூசப் பூச முருக்கு அதை உறிஞ்சியது. பூசின இடமே தெரியவில்லை. குறுக்குப் பலகைக்கு அடியிலும் மூக்கின் உள்மூலையிலும் இறகு போகவில்லை. அப்போதுதான் மாமா வந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. கடற்கரையில் பிறந்தும் வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுக்கிறவர் என்பதால் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். வள்ளத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு அது அவருக்கு ஒரு தடையாக இருந்ததே இல்லை.

"எறகும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஆப்பம் சுடத் தெரியுமில்லா எக்கா? மாவ ஊத்திச் சட்டியச் சுத்துவியே, அதுதான் இதும்."

குப்பியிலிருந்து எண்ணெயை வள்ளத்துக்குள் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துச் சுற்றினார். இறகு போகாத மூலைக்கெல்லாம் எண்ணெய் தானாகப் போனது. மிஞ்சியதைக் குப்பியிலேயே வடித்தார். மாமா செய்த காரியங்களில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று அம்மா சொல்வாள். வள்ளத்தின் மூக்கில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு இருந்தது. அதை அடைக்க மாமா, தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் கேட்டு, தூபத்துக்குப் போடும் குந்திரிக்கம் ஒரு பிடி கொண்டுவந்தார். அதைப் பழைய தகர டப்பாவில் எண்ணெயோடு உருக்கி, பஞ்சை அதில் தோய்த்து வெடிப்பில் அழுத்தினோம். வீடு முழுக்கத் திருநாள் பூசை வாசம் அடித்தது.

"இனி இத முக்க ஒருத்தனாலயும் முடியாது. பாதி வள்ளம், பாதி கோயில்," என்றார் மாமா.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வள்ளத்தை வெயிலில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "ஆத்துப் பொழியில இந்தக் கரையில வுட்டு அந்தக் கரைக்குப் போய்ச் சேந்துதுன்னு வையி, ஒங்கப்பன் கிறிஸ்மசுக்கு வந்து நிப்பான் பாத்துக்கோ," என்றும் சொல்லிவிட்டார்.

அம்மா அவரைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. "ஏலே, வாயக் கழுவு," என்றாள். மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "சும்ம வெளையாட்டுக்குச் சொன்னதுட்டி," என்று என்னிடம் சொல்லிப் பார்த்தார். நான் அதற்குள் சந்துக்கு ஓடிவிட்டேன். எங்கள் வள்ளம் பொழியைக் கடந்தால் அப்பா வருவார் என்று ஒரு வீடு விடாமல் சொன்னேன். எதிர்வீட்டு அக்காவிடம், "ஒங்க மாப்பிளையும்தான் வருவாங்க, ஒரே படகுதானே," என்று தாராளமாகச் சேர்த்துச் சொன்னேன்.

வள்ளியாறு கடலில் சேரும் இடம் பொழி. மழை ஓய்ந்தால் அலை மணலைக் குவித்து வாயை அடைத்துவிடும். ஆறு குளம்போல அசையாமல் நிற்கும். கார்த்திகை பிறந்து பொழி அடைத்ததும் விடலாம் என்று இருந்தேன். பொழி அடைத்தது. வள்ளம்தான் அம்மாவுக்குத் திருப்தியாகவில்லை.

மூன்றாம் பூச்சு காய்ந்ததும், இன்னொன்று கொடுக்கலாம் என்றாள். நான்காவதும் காய்ந்தது. விரலால் தொட்டுவிட்டு, "ஒட்டுதுட்டி," என்றாள். நான் தொட்டேன், எனக்கு ஒட்டவில்லை. ஐந்தாவதை நானே பூசிவிடலாம் என்று அவள் இல்லாதபோது இறகைத் தொட்டேன். கலக்காத எண்ணெய் பட்டு ஆட்காட்டி விரல் கொப்பளித்துத் தோல் உரிந்தது. அதிலிருந்து வள்ளத்தை நான் தொடக்கூடாது என்றாகிவிட்டது. அம்மா தேங்காயெண்ணெயைக் கையில் தேய்த்துக்கொண்டு, அண்டியாபீசில் கொட்டை உடைக்க உட்காருவது மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்து, எந்த அவசரமும் இல்லாமல் பூசுவாள். வள்ளத்தில் ஒருநாளும் கால்வைக்காதவள் கரையில் எந்த மேஸ்திரியும் காட்டாத கண்டிப்பைக் காட்டினாள்.

சந்திலிருந்த பெண்களும் அப்படி ஆனார்கள். அதுதான் எனக்கு விளங்கவே இல்லை. மீன் விற்றுவிட்டு வெறும் மீன்கூடையோடு திரும்புகிறவர்கள் எங்கள் வாசலில் நின்று வள்ளத்தை எட்டிப் பார்ப்பார்கள். ஒருத்தியும் கேலி செய்யவில்லை. "உள்ள காஞ்சிட்டா?" என்று, காய்ச்சல்காரரைப் பற்றிக் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்பார்கள். "இல்லக்கா, இன்னும் ஈரம் நிக்கி," என்பாள் அம்மா. "அப்பம் அவசரப்படாத. இன்னும் ஒரு பூச்சு குடு," என்றுவிட்டுப் போவார்கள். எதிர்வீட்டு அக்கா தினமும் வருவாள். சொல்வதற்கு எதுவும் இருக்காது. வள்ளத்தின் பக்கத்தில் கொஞ்சநேரம் குந்தியிருந்து, ஈ உட்காராமல் முந்தானையால் விசிறிவிட்டுப் போவாள். என் வள்ளத்துக்கு ஊரில் இவ்வளவு மதிப்பா என்று எனக்குப் பெருமை. இத்தனை பேரும் சேர்ந்து அதை விடவிடாமல் செய்கிறார்களே என்று எரிச்சல்.

எட்டாம் பூச்சு முடிந்தபோது உள்புறம் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. குனிந்தால் என் முகம் தெரிந்தது. கிறிஸ்மசுக்குப் பதினைந்து நாள்கூட இல்லை.

"இனி வுடலாமில்லா?" என்றேன்.

"ஓட்டை உண்டா இல்லியான்னு பாக்காண்டாமா?" என்ற அம்மா, நான் தடுப்பதற்குள் ஒரு செம்புத் தண்ணீரை வள்ளத்துக்குள் ஊற்றினாள். அரைநாள் அப்படியே வைத்திருந்தாள். வெளியே ஒரு பொட்டுக்கூடக் கசியவில்லை. நான் கைதட்டினேன். அம்மா தண்ணீரைக் கொட்டிவிட்டு, "இப்பம் உள்ள நனஞ்சுட்டு. நல்லாக் காயட்டும். காஞ்சதும் மேல ஒரு பூச்சு," என்றாள். நான் தரையில் உருண்டு அழுதேன். அம்மாவுக்கு அப்பா வருவது பிடிக்கவில்லை என்று அன்று முடிவுசெய்தேன்.

ஒன்பதாம் பூச்சு காய்வதற்கு ஐந்து நாள் பொறுத்தேன். சனிக்கிழமை அம்மா வேலைக்குப் போயிருந்தாள். மத்தியானம் நாற்காலியில் ஏறி, அலமாரியின் தலையிலிருந்து வள்ளத்தை எடுத்துப் பாவாடையில் சுற்றிக்கொண்டு பொழிக்கு நடந்தேன். எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, அத எங்க கொண்டு போற?"

"வெள்ளத்துல வுட."

"வேண்டாம் மக்கா. அம்மை வரட்டும். அக்கா சொல்லுதது கேளு, அச்சப்பம் தாறேன்."

நான் ஓடினேன். அக்காவும் பின்னால் ஓடிவந்தாள். என்னைப் பிடித்திருக்கலாம், அவள் கால் என் காலைவிட நீளம். பிடிக்கவில்லை. நான் குனிந்து வள்ளத்தைத் தண்ணீரில் வைத்தபோது அவள் கரையில் நின்று, சேலைத்தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

வள்ளம் மிதந்தது. ஒன்பது பூச்சின் கனத்தில், நான் நினைத்ததைவிடத் தாழ்ந்து, அசையாமல் உட்கார்ந்தது. பிறகு கரைக்காற்று பட்டு மெல்ல நகர்ந்தது. சின்னச் சின்ன அலை வந்து பக்கத்தில் அடித்தது. கொஞ்சம் உள்ளேயும் தெறித்தது. ஒன்றும் ஆகவில்லை. வெள்ளைச் சிலுவை வெயிலில் மின்ன அது நேராக அக்கரையைப் பார்த்துப் போனது. நான் குதித்தேன். "போவுது பாத்தியளா! போவுது!"

பாதி தூரத்துக்கு மேல் போயிருக்கும். பின்னாலிருந்து யாரோ தண்ணீரில் விழுந்தமாதிரிச் சத்தம் கேட்டது. அம்மா. சனிக்கிழமை அரைநாள் வேலை என்பதும், அவள் பொழிக்கரை வழியாகத்தான் திரும்புவாள் என்பதும் எனக்கு மறந்துபோயிருந்தன. வேலைச் சேலையோடு, சாப்பாட்டுத் தூக்கைக் கரையில் வீசிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில், பிறகு நெஞ்சளவு தண்ணீரில் நடந்தாள். அவளுக்கு நீந்தத் தெரியாது. அக்கரை மணலுக்கு இன்னும் நாலைந்து முழம் இருக்கும்போது எட்டி வள்ளத்தைப் பிடித்துத் தூக்கினாள். அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அங்கேயே அசையாமல் நின்றாள்.

"நல்லாத்தானேம்மா போச்சு! இன்னும் கொஞ்சம்தானே! ஏன் எடுத்தே?"

கரையேறி வந்தபோது அவள் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. "உள்ள காயலட்டி," என்றாள். "இன்னும் காயல."

"காஞ்சுட்டு! நான் தொட்டுப் பாத்தேன்!"

நான் சாட்சிக்கு அக்காவைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கூடவே நின்று பார்த்தவள். "காயல மக்கா," என்றாள் அவளும். "அம்மை சொன்னதுதான் செரி."

இரண்டு பெரியவர்கள் ஒரே பொய்யை முகத்துக்கு நேரே சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. வீடுவரை அழுதுகொண்டே வந்தேன். இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை.

கிறிஸ்மசுக்கு அப்பா வரவில்லை. நடுச்சாமப் பூசை முடிந்து வந்து தூங்கியெழுந்து, காலையில் ஆப்பமும் கறியும் வைத்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மாமா வாங்கித்தந்த புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு வாரமாக மனசில் வைத்திருந்ததை நான் சொன்னேன்: "நீ எடுக்காம இருந்திருந்தா அப்பா இன்னைக்கு வந்திருப்பாங்க. ஒன்னாலதான் வரல."

மாமா, "ஏட்டி!" என்று கை ஓங்கினார். அம்மா அவர் கையைப் பிடித்துத் தாழ்த்தினாள். என் தட்டைப் பார்த்து, "இன்னொரு ஆப்பம் வைக்கட்டா?" என்று கேட்டாள். நான் சரி என்றேன். அவள் ஆப்பச்சட்டியை எடுத்து மாவை ஊற்றிச் சுற்றினாள்; சுற்றிக்கொண்டே இருந்தாள். அந்த ஆப்பம் ஓரமெல்லாம் கருகி வந்தது. அதையும் குறைசொல்லித்தான் தின்றேன்.

தவக்காலம் தொடங்கி இரண்டாம் வாரம், பிடித்துவைத்திருந்த நாட்டின் சிறையிலிருந்து விடுபட்டு மூன்று பேரும் வந்தார்கள். சந்து முழுக்கக் கூட்டம். அப்பாவை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தாடிக்குள் கண் மட்டும்தான் அவருடையதாக இருந்தது. அம்மாவைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். அம்மா, "குளிக்க வெந்நீர் வச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவ்வளவு மாதம் கழித்து வந்தவரிடம் சொல்ல வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அப்பா அலமாரியின் தலையிலிருந்து வள்ளத்தை எடுத்தார். கையில் ஏந்தி எடை பார்த்தார். நகத்தால் உள்ளே சுரண்டினார். மூக்கில் வைத்து முகர்ந்தார்.

"இது ஆரு பூசினது?"

"அம்மை."

"எத்தன பூச்சு?"

"ஒம்பது," என்றேன்.

அப்பா சிரிக்கத் தொடங்கினார். வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "ஒம்பதா! ஏட்டி, இது வள்ளமா, தார் ரோடா? கடல்ல ஓடுத வள்ளத்துக்கே ரெண்டு பூச்சுக்கு மேல ஆரு குடுப்பா?" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "ஒனக்கு எவன் சொன்னான் ஒம்பது பூச்சுன்னு?"

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கென்ன தெரியும், வள்ளத்தப் பத்தி," என்றாள். அவள் முகத்திலும் சிரிப்பு இருந்தது. நான் அப்பாவின் தோளில் தொங்கிக்கொண்டு இரண்டு பேரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். நான் சொன்னதுதான் சரி என்று கடைசியில் தீர்ப்பு வந்துவிட்டது.

அதைச் சந்து முழுக்கச் சொல்லவேண்டியிருந்தது. எதிர்வீட்டு அக்காவிடம்தான் முதலில் ஓடினேன். அவள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் மாப்பிள்ளை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். "எங்கம்மைக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு பூச்சு போதுமாம், அப்பா சொல்லியாச்சு," என்றேன். அவளும் சிரிப்பாள் என்று காத்து நின்றேன். அக்கா மீன்சட்டியைத் தள்ளி வைத்தாள். பிறகு செதிள் ஒட்டிய ஈரக் கையோடு அப்படியே என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். நான் திமிறிக்கொண்டு ஓடிவந்து, கிறிஸ்மசுக்கு எடுத்த புதுச்சட்டையெல்லாம் மீன்நாற்றம் ஆகிவிட்டது என்று அம்மாவிடம் அவளைப் பற்றிக் குற்றம் சொன்னேன்.